செல்லின் கதை – 4: பந்திக்கு வெளியே ஒருவர்

சென்ற இதழில் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌனை அவருடைய ஆர்க்கிட் செடிகளோடு லண்டனில் விட்டுவிட்டு வந்தோம். இலையின் மேல்தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அறை அறையாகத் தெரிந்த ஒவ்வொன்றுக்குள்ளும் மங்கலாக ஒரு வட்டப் புள்ளி. 1831-இல் லின்னேயன் சங்கத்தில் அதைச் சொன்னார், ‘நியூக்ளியஸ்’ என்று பெயரும் வைத்தார். நாம் உட்கரு என்கிறோம். அது அங்கே என்ன வேலை பார்க்கிறது என்ற கேள்விக்குள் அவர் போகவில்லை. மகரந்தம், கருவுறுதல் என்று தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு இந்த வாரம் பெர்லினுக்குப் போகிறோம். ஆண்டு 1837.

இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார், மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேசுகிறவர் மத்தியாஸ் ஷ்லைடன், வயது 33, ஹாம்பர்க்காரர். சட்டம் படித்து வக்கீலாகத் தொழில் நடத்தியவர். தொழில் சரிப்படவில்லை, மனமும் சரியில்லை. நெற்றியில் துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொண்டார். குண்டு உயிரை எடுக்கவில்லை. எழுந்து வந்தவர் சட்டப் புத்தகங்களை மூடிவிட்டு மறுபடியும் மாணவராகி, பெர்லினில் தாவரவியல் பேராசிரியராக இருந்த உறவினர் ஹோர்க்கெலின் நிழலில் செடிகளைப் பார்க்கத் தொடங்கினார். கோபக்காரர், எழுத்திலும் வாய்ச் சண்டை போடுகிறவர். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி லத்தீன் பெயர் எழுதி அடுக்குவதையே தாவரவியல் என்று நினைத்திருந்தவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

கேட்டுக்கொண்டிருப்பவர் தியோடர் ஷ்வான். 26 வயது. ரைன் நதிக்கரை நாய்ஸ் ஊரில் பிறந்து, கொலோனில் ஏசு சபைப் பள்ளியில் படித்த பக்தியுள்ள கத்தோலிக்கர். கூச்ச சுபாவம். பெர்லின் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர் யோஹன்னஸ் முல்லரிடம் உதவியாளர் வேலை, அதில் வருவது சொற்பச் சம்பளம். இந்த அடக்கமான மனிதர் அதற்கு முந்தைய ஆண்டுதான் இரைப்பைச் சாற்றிலிருந்து பெப்சின் என்ற செரிமானப் பொருளைப் பிரித்துக் காட்டியிருந்தார்.

ஷ்லைடனின் பேச்சு உட்கருவைப் பற்றி. தாவரத்தில் புதிய செல் எங்கெல்லாம் உருவாகிறதோ அங்கெல்லாம் உட்கரு இருக்கிறது, செல் உருவாவதில் அதற்குத்தான் முக்கியப் பங்கு என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஷ்வானுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வருகிறது. தவளையின் தலைப்பிரட்டையில் முதுகெலும்பு உருவாகும் முன்பு அந்த இடத்தில் முதுகுநாண் என்று மெல்லிய தண்டு ஒன்று இருக்கும். அதை வெட்டிப் பார்த்தபோது இதே மாதிரிப் புள்ளிகளை அவர் பார்த்திருக்கிறார். அந்தத் திசு தாவரத்தைப் போலவே அறை அறையாக இருக்கிறது என்று அவருடைய ஆசான் முல்லரே ஏற்கெனவே எழுதியிருந்தார். விலங்கிலும் அந்தப் புள்ளி இதே வேலையைச் செய்கிறதென்றால்? இரண்டு பேரும் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். ஷ்வான் காட்டினார், ஷ்லைடன் பார்த்தார், ஆமாம் அதேதான் என்றார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1878-இல், லியேஜ் நகரில் தனக்கு எடுத்த பாராட்டு விழாவில் ஷ்வானே இந்தக் கதையைச் சொன்னார்.

நாற்பது ஆண்டு கழித்துச் சொல்லும் கதை கொஞ்சம் மெருகேறித்தான் வரும். ஆனாலும் உட்கருதான் சாவி என்ற அதன் சாரத்தைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. ஏன் அதற்கு முன் யாருக்கும் பூட்டு திறக்கவில்லை என்று பார்த்தால் இது புரியும்.

தாவரச் செல்லுக்குச் சுவர் உண்டு, தடித்த சுவர். 1665-இல் ஆங்கில விஞ்ஞானி ஹூக் தக்கையில் பார்த்தது செத்துப்போன செல்களின் வெறும் சுவர்களைத்தான். துறவிகள் தங்கும் சிற்றறைக்கான சொல்லை அவர் அதற்கு இட்டார், பெயர் நிலைத்துவிட்டது. விலங்குத் திசுவில் அப்படிச் சுவர் கிடையாது. ஈரலையோ தசையையோ கிழித்து வைத்துப் பார்த்தால் கொழகொழவென்று ஏதோ தெரியும், இழை தெரியும், துகள் தெரியும். சாயம் போட்டுப் பார்க்கும் வழக்கமும் அன்று இல்லை. அறையைத் தேடுகிறவனுக்கு அங்கே கிடைக்க ஒன்றும் இல்லை. சொல்லே கண்ணை மறைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. தமிழிலும் முதலில் ‘கண்ணறை’ என்று எழுதிப் பார்த்தார்கள்; இப்போது தமிழ்நாட்டில் செல், உயிரணு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘கலம்’. எனக்குக் கலம்தான் பிடித்திருக்கிறது. அறை என்றால் சுவர் நினைவுக்கு வருகிறது, கலம் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

சொல்லோடு கண்ணாடியும் சேர்ந்து ஏமாற்றியது. பழைய லென்ஸ்களில் உருவத்தின் ஓரமெல்லாம் வானவில் நிறம் படரும், சின்னப் பொருள் எதுவானாலும் உருண்டையாகத் தெரியும். 1823-இல் பாரிஸில் விலங்கியலாளர் மில்ன்-எட்வர்ட்ஸ், விலங்குத் திசுக்கள் எல்லாமே ஒரு மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டைகளால் ஆனவை என்று அளந்தே எழுதிவிட்டார். அத்தனையும் லென்ஸ் செய்த மாயம். லண்டனில் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்ற ஒயின் வியாபாரி பொழுதுபோக்காக லென்ஸ் செய்து, நிறம் படராதபடி அதைச் சீர்செய்தார். 1827-இல் அவரும் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கினும் அதே திசுக்களைப் புதிய லென்ஸில் பார்த்தபோது உருண்டைகள் மறைந்துபோயின. (ஹாட்ஜ்கின் பெயரில் ஒரு புற்றுநோய் இருக்கிறது. லிஸ்டரின் மகன்தான் அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த லிஸ்டர்.) ஷ்லைடனும் ஷ்வானும் உட்கார்ந்தது இந்தப் புதுத் தலைமுறை மைக்ராஸ்கோப்பின் முன்னால்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷ்வான் செய்தது அசுர உழைப்பு. முதுகுநாண், குருத்தெலும்பு என்று தாவரத்தைப் போலவே இருக்கும் எளிய திசுக்களில் தொடங்கினார். அங்கே வெற்றி. நரம்பு, தசை என்று வந்தபோது சிக்கல். வளர்ந்த விலங்கின் தசையைப் பார்த்தால் நீண்ட நார்தான் தெரியும், செல் எங்கே? அதனால் கருவுக்குப் போனார். பன்றிக் கரு, கோழிக் கரு, தலைப்பிரட்டை. தசை தசையாவதற்கு முன், நகம் நகமாவதற்கு முன், இறகு இறகாவதற்கு முன் என்னவாக இருந்தது என்று பின்னோக்கித் தேடினார். எங்கும் உட்கருவோடு கூடிய செல். முட்டையே ஒரு செல்தான் என்றும் சொன்னார். 1839-இல் வந்த அவருடைய புத்தகம் உடலின் திசுக்களை ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் செல்லிலிருந்துதான் வருகிறது என்று காட்டியது: ரத்தம் போலத் தனித்தனியாக மிதப்பவை, தோல், நகம் போல ஒட்டி அடுக்கியவை, எலும்பு போலச் சுவர்கள் இறுகிப்போனவை, தசைநாண் போல நாராக நீண்டவை, கடைசியாக நரம்பும் தசையும். செல்லுக்குள் நடக்கும் வேதி மாற்றங்களைக் குறிக்க அவர் உண்டாக்கிய சொல்தான் இன்று மருத்துவர்கள் வாயில் ‘மெட்டபாலிசம்’ என்று புழங்குகிறது. நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் உறைச் செல்லுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஷ்லைடன் ஓராண்டுக்கு முன்பே, 1838-இல், தாவரத்தைப் பற்றிய தன் கட்டுரையை முல்லர் நடத்திய ஆய்விதழில் வெளியிட்டிருந்தார். ப்ராகில் பூர்க்கின்யே என்பவர் 1837-லேயே தாவரத்துக்கும் விலங்குக்கும் இந்த ஒற்றுமையைக் கோடிகாட்டிப் பேசியிருந்தார். ஆனால் எல்லாத் திசுக்களையும் வரிசையாக எடுத்து, இதோ பார், இதோ பார் என்று காட்டியவர் ஷ்வான்தான். ஆலமரமும் அதன் கிளையில் உட்கார்ந்த காக்கையும் ஒரே வகைச் செங்கல்லால் கட்டியவை என்ற செய்தி ஐரோப்பாவுக்குக் கிடைத்தது.

பள்ளியில் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஷ்லைடன், ஷ்வான், செல் கொள்கை, ஐந்து மதிப்பெண். செங்கல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இருவரும் சொன்ன பதில் முழுத் தவறு என்பதைப் பாடம் சொல்வதில்லை.

ஷ்லைடனின் கணக்குப்படி, செல்லுக்குள் இருக்கும் திரவத்தில் முதலில் சிறு துகள்கள் திரளும். அவற்றைச் சுற்றி உட்கரு படியும். உட்கருவின் மேல் கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி ஒரு குமிழ் எழும்பும். அது பெருத்துப் பெருத்துப் புதிய செல்லாகும். ஷ்வான் இதை அப்படியே விலங்குக்கு எடுத்துக்கொண்டு ஒரு படி மேலே போனார். விலங்கில் இது செல்லுக்கு வெளியிலேயே, செல்களுக்கு இடையில் இருக்கும் வடிவமில்லாத திரவத்திலேயே நடக்கிறது என்றார். சர்க்கரைப் பாகில் கற்கண்டு கட்டுவது போல, திரவத்தில் செல் படிகிறது.

இன்று சிரிக்கலாம். அன்று அது அறிவுக்கு உகந்த பதில். உயிருள்ள பொருளை ஏதோ ஓர் ‘உயிர்ச் சக்தி’ உள்ளிருந்து இயக்குகிறது என்று ஆசான் முல்லர் உட்படப் பலரும் நம்பிய காலம். ஷ்வான் அதை ஏற்கவில்லை. உப்புப் படிகத்தை உண்டாக்கும் இயற்பியல் விதிகளே செல்லையும் உண்டாக்கும் என்றால் உயிர்ச் சக்திக்கு வேலையே இல்லை. தினமும் ஜெபம் செய்கிற மனிதர் உடலுக்குள் எந்த மர்மத்தையும் அனுமதிக்கவில்லை என்பது அவரைப் பற்றி நான் ரசிக்கும் விஷயம். ஆனால் மர்மத்தை வெளியேற்றும் அவசரத்தில் கண்ணெதிரே நடந்ததை விட்டுவிட்டார். பாசிகளில் செல் நடுவே குறுக்குச் சுவர் விழுந்து இரண்டாகப் பிரிவதை பெல்ஜியத்தில் துமோர்த்தியே 1832-லேயே எழுதியிருந்தார். ஜெர்மனியில் ஹ்யூகோ ஃபான் மோல் 1835-இல் எழுதினார். ஏதோ பாசியில் மட்டும் நடக்கும் விநோதம் என்று அதை ஒதுக்கினார்கள்.

ஷ்வானுக்கு அதன்பின் நல்ல காலம் வாய்க்கவில்லை. நொதிப்புக்குக் காரணம் ஈஸ்ட் என்ற உயிர் என்று அவர் காட்டியிருந்தது வேதியியல் பெருந்தலைகளுக்குப் பொறுக்கவில்லை. 1839-இல் வேதியியலின் பெரிய இதழ் ஒன்றில் பெயர் போடாமல் ஒரு கேலிக் கட்டுரை வந்தது. ஈஸ்ட் என்பது வாலைப் பாத்திரம் போன்ற உருவமுள்ள ஒரு குட்டி மிருகம், அது சர்க்கரையைத் தின்று பின்பக்கமாகச் சாராயம் விடுகிறது என்று விஸ்தாரமாகப் போகும் நையாண்டி. எழுதியவர்கள் வோலரும் லீபிக்கும். பான் பல்கலைக்கழக வேலையும் ஷ்வானுக்குக் கிடைக்கவில்லை. பெல்ஜியத்துக்குப் போய் லூவெனிலும் பிறகு லியேஜிலும் பாடம் நடத்தினார். நல்லாசிரியர் என்ற பெயர் கிடைத்தது. செல்லைப் பற்றி அந்த அளவுக்கு வேறெதுவும் அவரிடமிருந்து வரவில்லை.

இனி, அந்தப் பந்தியில் இலை போடப்படாதவர்.

முல்லரின் ஆய்வுக்கூடத்திலேயே இன்னொரு இளைஞர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தார். ராபர்ட் ரெமாக். ஷ்வானைவிட ஐந்து வயது இளையவர். அன்று பிரஷ்யாவின் கையில் இருந்த போஸன் நகரில், இன்றைய போலந்தின் போஸ்னானில், 1815-இல் பிறந்த யூதர். 1838-இல் மருத்துவப் பட்டம் வாங்கியபோதே நரம்பிழைகளைப் பற்றி அவர் செய்திருந்த வேலை பேசப்பட்டது. உறையில்லாத மெல்லிய நரம்பிழைகளுக்கு இன்றும் ரெமாக் இழைகள் என்று பெயர். பிற்பாடு தவளை இதயத்திலேயே நரம்பு முடிச்சு இருப்பதையும் அவர்தான் கண்டார்.

இவ்வளவு இருந்தும் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த அவருக்கு அனுமதி இல்லை. பிரஷ்யாவில் யூதர்கள் படிக்கலாம், பட்டம் வாங்கலாம், மருத்துவம் பார்க்கலாம். கற்பிக்கும் இடத்தில் மட்டும் நிற்கக் கூடாது. அதற்கும் ஓர் எளிய வழி இருந்தது: ஞானஸ்நானம். அதே முல்லரின் இன்னொரு மாணவர் யாக்கோப் ஹென்லேயும் யூதக் குடும்பத்தில், ஒரு ரப்பியின் பேரனாகப் பிறந்தவர்தான். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் மதம் மாறியிருந்தது. ஹென்லே 1840-இல் சூரிச்சில் பேராசிரியர். சிறுநீரகத்தில் ‘ஹென்லே வளைவு’ படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். ரெமாக் மாற மறுத்தார். நோயாளிகளைப் பார்த்துப் பிழைப்பு நடத்திக்கொண்டு, சம்பளமில்லாமல் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார். அரசனுக்கே விண்ணப்பம் போட்டார், நிராகரிக்கப்பட்டது. பயணி-விஞ்ஞானி அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட் போன்றவர்கள் பரிந்து பேசியதில் 1847-இல் ஒருவழியாகப் பாடம் நடத்த அனுமதி வந்தது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் மதம் மாறாமல் அந்த இடத்தை எட்டிய முதல் யூதர் அவர். அனுமதிதான் வந்தது, சம்பளம் வரவில்லை. அந்தப் பதவிக்கு அங்கே சம்பளம் என்ற வழக்கமே கிடையாது.

அவர் பார்த்தது என்ன?

1841-இல் கோழிக் கருவின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ரத்தச் சிவப்பணுவில் உட்கரு இல்லை. அது முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடும். பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு இருக்கும். அதனால் பார்ப்பது எளிது. சில அணுக்களில் இடுப்பு சுருங்கி, இரண்டு உட்கருக்கள் இரண்டு பக்கமும் போய், நடுவில் மெல்லிய பாலம் மட்டும் மிஞ்சியிருந்தது. திரவத்தில் படிகம் கட்டுகிற காட்சி எங்கேயும் இல்லை. ஒரு செல் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.

வேறொருவர் என்றால் மறுநாளே அதைப் பொது விதியாக அறிவித்திருப்பார். ரெமாக் தயங்கினார். ரத்தத்தில் நடப்பது எல்லாத் திசுவிலும் நடக்கிறதா? பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரிய ஆதாரம் கிடைத்தது தவளை முட்டையில். கருவுற்ற தவளை முட்டையின் மேல் ஒரு பள்ளம் விழுந்து, அது இரண்டாகி, நான்காகி, எட்டாகப் பிளப்பதை 1824-லேயே ப்ரெவோவும் துமாவும் எழுதியிருந்தார்கள். வெறும் கண்ணுக்கே தெரியும் காட்சி அது. ஆனால் அந்தத் துண்டுகள் செல்கள்தானா, அல்லது மஞ்சள்கரு சும்மா துண்டாகிறதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ரெமாக் முட்டைகளை வேதிக் கரைசல்களில் போட்டுக் கெட்டியாக்கினார். அப்போது ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் சவ்வு இருப்பதும், பிளக்கும்போது அந்தச் சவ்வும் சேர்ந்து உள்ளே மடிவதும் தெரிந்தது. முட்டை என்ற ஒரே செல்லிலிருந்து தொடங்கி, தசை, நரம்பு, குடல் வரைக்கும் சங்கிலி எங்கேயும் அறுபடவில்லை. கரு மூன்று அடுக்குகளாகி, எந்த அடுக்கிலிருந்து எந்த உறுப்பு வருகிறது என்று இன்றைய மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்களே, அந்தப் பாடத்துக்கு இந்த வடிவத்தைக் கொடுத்தவரும் அவரே.

1852-இல் எழுதினார். செல்லுக்கு வெளியே செல் தோன்றுகிறது என்பதும், சேற்றிலிருந்து தானாகவே உயிர் தோன்றுகிறது என்பதும் தனக்கு ஒரே அளவு நம்ப முடியாதவை என்றார். விலங்கின் செல்கள் பெருகுவது பிரிவதால் மட்டுமே. கட்டுரை வெளிவந்தது முல்லரின் இதழில். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஷ்லைடனின் கடிகாரக் கண்ணாடியை அச்சிட்ட அதே இதழ்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வளர்ந்த மனிதரின் உடலில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் என்பது 2016-இல் வந்த ஒரு மதிப்பீடு. ஒரே செல்லிலிருந்து அங்கே போய்ச் சேர எத்தனை முறை இரட்டிக்க வேண்டும்? சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் அரிசியை இரட்டித்துக் கேட்ட புலவர் கதை தெரிந்தவர்கள் ஊகித்துவிடுவார்கள். 45 முறை போதும். 35 லட்சம் கோடி வந்துவிடும். உண்மையில் எல்லாச் செல்லும் ஒரே சீராக இரட்டிப்பதில்லை. சில நின்றுவிடும், பல சாகும். ஆனாலும் பிரிவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய உடலைக் கட்டிவிட முடியும் என்பதற்கு அந்த 45 போதுமான பதில்.

செல் கொள்கையில் ஷ்லைடன், ஷ்வானோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்றாவது பெயருக்கு வருவோம். ருடால்ஃப் விர்ச்சோ, 1821-இல் பொமரேனியாவில் பிறந்தவர், அவரும் முல்லரின் மாணவர். ரெமாக்குக்கு நேரெதிரான மனிதர். பேச்சு, வேகம், அரசியல். 1848 தொடக்கத்தில் மேல் சிலேசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது அரசு அவரை அனுப்பி அறிக்கை கேட்டது. மருந்தைப் பற்றி எழுதுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அந்த மக்களுக்கு ஜனநாயகமும் கல்வியும் நல்ல சாலையும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். திரும்பிய சில நாட்களில் பெர்லினில் புரட்சி. தெருத் தடுப்பரண் கட்டுவதில் கை கொடுத்தார். அடுத்த ஆண்டே பெர்லினை விட்டு வியூர்ட்ஸ்பர்க்குக்குப் போக நேர்ந்தது. 1856-இல்தான் திரும்ப முடிந்தது.

விர்ச்சோவும் முதலில் திரவத்தில் செல் கட்டும் கட்சிதான். 1850-களின் தொடக்கத்தில் மனம் மாறினார். 1855-இல் தன் சொந்த இதழில் ஒரு கட்டுரை எழுதி, எல்லாச் செல்லும் செல்லிலிருந்தே என்று பொருள்படும் நான்கு சொல் லத்தீன் வாசகத்தை முழங்கினார். வாசகம்கூட அவருடையது என்று சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரர் ராஸ்பைல் 1825-லேயே அதை எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையில் ரெமாக்கின் பெயர் இல்லை. ரெமாக் கடிதம் எழுதிக் கேட்டார், என் பெயரைச் சொல்லாமல் உங்கள் கருத்தாகவே போட்டிருக்கிறீர்களே என்று. கேட்டதில் தவறே இல்லை.

இதைத் திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவ்வளவு எளிதல்ல என்று நினைக்கிறேன். விர்ச்சோ அந்த வாக்கியத்தை வைத்துச் செய்த வேலை வேறு. நோயும் செல்லில்தான் தொடங்குகிறது என்றார். கபம், பித்தம் போன்ற உடல் நீர்கள் கெட்டுப்போவதால் நோய் என்று கிரேக்கர் காலத்திலிருந்து வந்த சிந்தனையை அதோடு அப்புறப்படுத்தினார். 1858 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பெர்லினில் மருத்துவர்களுக்கு அவர் நிகழ்த்திய 20 விரிவுரைகள் புத்தகமாயின. இன்று கட்டியில் ஊசி குத்தி எடுத்த துளியை லேபுக்கு அனுப்பிவிட்டு, ‘பயாப்ஸி ரிசல்ட்’ வர வயிற்றைப் பிசைந்துகொண்டு காத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த 20 விரிவுரைகளின் நீட்சியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உடல் என்பது செல்கள் என்ற குடிமக்களின் குடியரசு என்று விர்ச்சோ அடிக்கடி சொல்வார். உடலைப் பற்றிப் பேசுகிறாரா, பிரஷ்யாவைப் பற்றிப் பேசுகிறாரா என்று கேட்டவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். இரண்டையும்தான்.

ஆனால் பெயரைச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு வரி போதும்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் மேற்படலத்தில் வரும் புற்றுநோய், அந்தப் படலத்தின் செல்கள் பெருகியே உண்டாகிறது என்று 1854-இல் ரெமாக் எழுதினார். விர்ச்சோ ஒப்பவில்லை. அது அடியிலுள்ள இணைப்புத் திசுவிலிருந்து வருகிறது என்று நெடுங்காலம் சாதித்தார். நோயியலின் சக்கரவர்த்தி சொன்னால் மறுப்பேது? 1865-இல் தீயர்ஷ் என்ற அறுவை மருத்துவர் தோல் புற்றுநோயை அடுக்கடுக்காகச் சீவி ஆராய்ந்து, ரெமாக்கின் பக்கமே நியாயம் என்று காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரெமாக் இறந்துபோனார். வயது 50. கடைசி ஆண்டுகளில் மின்சாரத்தால் நரம்பு நோய்களைக் குணப்படுத்த முயன்றுகொண்டிருந்தார். 1859-இல் கொடுத்த இரண்டாம் தரப் பேராசிரியர் பட்டத்துக்கு மேல் பல்கலைக்கழகம் அவரை ஏற்றவே இல்லை. அவருடைய பேரன், அதே ராபர்ட் ரெமாக் என்ற பெயர் கொண்ட கணித அறிஞர், 1942-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்.

ஷ்லைடன் யேனாவில் பேராசிரியராகி, அங்கே ஒரு கருவி செய்யும் இளைஞனை மைக்ராஸ்கோப் செய்யச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 1846-இல் பட்டறை திறந்த அந்த இளைஞன் பெயர் கார்ல் ஜைஸ். செல் எப்படிப் பிறக்கிறது என்பதில் ஷ்லைடன் செய்த தவறை இந்த ஒரு காரியத்துக்காக மன்னித்துவிடலாம்.

ரெமாக்கையும் முழுக்கச் சரி என்று சொல்லிவிட முடியாது. பிரிவது எப்படி என்று கேட்டால், முதலில் உட்கருவுக்குள் இருக்கும் சிறு புள்ளி இரண்டாகும், பிறகு உட்கரு நடுவில் நெரிந்து இரண்டாகும், கடைசியில் செல் என்று எழுதினார். மாவு உருண்டையைக் கிள்ளுவது போல. உட்கரு அப்படிக் கிள்ளப்படுவதில்லை. பிரியும் நேரத்தில் அதன் உறை காணாமல் போகிறது, உள்ளே நூல்கள் தோன்றுகின்றன. சாயம் ஏற்றாத கண்ணாடித் துண்டில் அந்த நூல்களைப் பிரித்தறிவது மிகக் கடினம். நிலக்கரித் தாரிலிருந்து துணிக்குச் சாயம் தயாரித்த ஆலைகளின் சரக்கை வாங்கி, சாலமாண்டர் என்ற பல்லி போன்ற நீர்நில உயிரின் குஞ்சுகளில் ஏற்றிப் பார்த்தார் கீல் நகரத்துப் பேராசிரியர் வால்தர் ஃப்ளெமிங். அவருடைய புத்தகம் வந்தது 1882-இல். லியேஜில் விருந்துக் கதை சொன்ன ஷ்வான் அந்த ஆண்டு ஜனவரியில்தான் கண்ணை மூடினார்.

(தொடரும்)